ஒடிந்த முதுகும் மறுக்கப்பட்ட பென்ஷனும்

(முன்னாள் சிப்பாய்களும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிய கிராமக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கிராம புனருத்தாரணம் என்றவுடன் கிணறு வெட்டுதல், பாதை செப்பனிடுதல், எருக்குழி அமைத்தல், நல்விதை வழங்குதல் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவையாவும் அவசியமே. ஆயினும் ஒரு கிராமத்தின் செல்வம் மண்ணில் மட்டும் அடங்கியதன்று. அம்மண்ணிற் குனிந்து நிமிர்ந்து பாடுபடும் மனிதனுடைய முதுகிலும் அடங்கியிருக்கிறது. அந்த முதுகு தேச சேவையில் பழுதடைந்திருக்குமாயின், அதற்குரிய பென்ஷனை முறைப்படி கேட்டுப் பெறுதலும் புனருத்தாரண வேலையேயாகும். ஆதலின் இன்று எருவைப் பற்றியும் விதையைப் பற்றியும் பேசாமல், மறுக்கப்பட்ட அங்கவீன பென்ஷனுக்கு அப்பீல் செய்யும் விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்தேன்.

ஒரு சிப்பாயை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் வயதில் மார்பை அளந்து, எடையை நிறுத்து, பழுதற்ற தேகம் என்று வைத்தியர் எழுதிக்கொடுத்த பின்னரே அவன் படையிற் சேர்ந்தான். மலைகளில் பளு சுமந்தான். குண்டும் குழியுமான பாதையில் லாரியிற் குலுங்கினான். பாலத் தளவாடங்களைத் தூக்கினான். பதினைந்து வருஷங்களுக்குப் பின்னர் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலியோடு வீடு திரும்பினான். பென்ஷன் மனுவுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. 'இவ்வியாதி சேவையால் விளைந்ததுமன்று, சேவையால் முற்றியதுமன்று' என்பதே அதன் சாரம். அவன் அக்கடிதத்தை மடித்து இறவாணத்திற் செருகிவிட்டு, கடன் வாங்கி ஆள் வைத்து உழுவிக்கிறான். இத்தகைய கடிதம் இங்கே கூடியுள்ளோரில் சிலர் வீட்டிலும் இருக்கக்கூடும். அது முடிவான தீர்ப்பன்று என்பதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் முதுகெலும்பின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். கழுத்து முதல் இடுப்புவரை அசையக்கூடிய எலும்புகள் 24 ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இடுப்புப் பகுதியைச் சேர்ந்தவை 5. பெரும்பாலும் இவ்வெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுக்கள் உள. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் இளநீர் வழுக்கை போன்ற மென்பொருளும், அதனைச் சுற்றி உறுதியான நார் வளையமும் அமைந்திருக்கின்றன. அதிகப் பளுவினாலோ, வீழ்ச்சியினாலோ, நீண்டகாலத் தேய்வினாலோ வளையம் பிளக்குமாயின், உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தும். அப்போது வலி இடுப்பில் தோன்றிப் பிருஷ்டம், தொடை, கெண்டைக்கால் வழியே பாதம்வரை இறங்கும். இப்பிதுக்கம் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளுக்கு இடையிலும், ஐந்தாம் எலும்பிற்குக் கீழும் நிகழ்வது. உடலின் பாரத்தில் பெரும்பகுதி அவ்விடத்தில் விழுவதே காரணம்.

இங்கேதான் வழக்கின் முடிச்சும் இருக்கிறது. குண்டு பாய்ந்த முதுகைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை. 1965-ஆம் வருஷத்து யுத்தத்தில் முரளிகாந்த் பேட்கர் என்னும் வீரருடைய தேகத்திற் பல குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட்டது. அவர் மனம் தளராது நீந்தப் பயின்று, 1972-ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் நடந்த அங்கவீனர் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய காயத்திற்குக் காரணம் வெளிப்படை. இடுப்புத் தட்டு தேய்ந்த சிப்பாயின் நிலை அவ்வாறன்று. வயது ஏற ஏற எல்லாருக்கும் தட்டுக்கள் தேய்வதுண்டு. யாதொரு வலியுமில்லாத மனிதரைப் படம் பிடித்துப் பார்த்தாலும் தேய்வு காணப்படுவதுண்டு. அதனால் வைத்திய போர்டார், 'இது தேகத்தின் இயற்கை. சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று எளிதில் எழுதிவிடுகின்றனர்.

ஆயினும் விதி கேட்கும் கேள்வி வேறு. வியாதி சேவையால் விளைந்ததா என்பது ஒரு கேள்வி. முன்னரே இருந்ததாயினும், இயற்கையாய் வந்ததாயினும், சேவையின் கடுமையால் அது முற்றியதா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றிற்கு 'ஆம்' என்னும் விடை கிடைத்து, அங்கவீனம் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் மதிக்கப்பட்டிருக்குமாயின், பென்ஷனுக்குப் பாத்தியம் உண்டு. முதுகு வியாதிக்காரர் பலர் முதற் கேள்வியிலேயே வாதாடித் தோற்று, இரண்டாம் கேள்வியைத் தொடாமல் திரும்பிவிடுகின்றனர். இது பெரும் பிழை. 'என் தட்டு தேயாமலே இருந்திருக்கும்' என்று நிரூபித்தல் எவராலும் ஆகாது. 'மலையிற் பளு சுமந்த பின்னரே வலி தோன்றியது. ஒவ்வொரு வருஷமும் வைத்திய வகுப்பு இறங்கியது. கடினமான வேலை கொடுத்தபோதெல்லாம் ஆஸ்பத்திரியிற் படுத்தேன்' என்பதைத் தஸ்தாவேஜுகளைக்கொண்டு காட்டுதல் ஆகும்.

நிரூபிக்கும் பாரம் யாரைச் சேர்ந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1982-ஆம் வருஷத்து விதிகளின்படி, படையிற் சேரும்போது ஒருவனுடைய தேகத்திற் குறை ஏதும் குறிக்கப்படவில்லையாயின், அவன் நல்ல தேகத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ளல் வேண்டும். பின்னர் வியாதியினால் விலக்கப்பட்டானாயின், அது சேவையில் வந்தது என்னும் அனுமானம் அவனுக்குச் சாதகமாக நிற்கும். நியாயமான சந்தேகம் இருப்பின் அதன் பயனும் அவனுக்கே உரியது.

தரம்வீர் சிங் என்பவர் 1985-ஆம் வருஷத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, 1994-ஆம் வருஷத்தில் வலிப்பு வியாதியின் காரணமாக விலக்கப்பட்டவர். அங்கவீனம் நூற்றுக்கு 20 என்று மதித்த வைத்திய போர்டு, சேவைக்குச் சம்பந்தமில்லை என்றும் எழுதிவிட்டது, காரணம் காட்டவில்லை. 2013-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். சேரும்போது கண்டறிய இயலாத வியாதி என்று போர்டு கருதுமாயின், அதற்குரிய காரணத்தை எழுதியே தீரவேண்டும் என்றும், மனுதாரர்மீது நிரூபணப் பாரத்தைச் சுமத்தலாகாது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. 2015-ஆம் வருஷத்தில் ராஜ்பீர் சிங் முதலியோருடைய வழக்கிலும் இக்கொள்கையே உறுதி செய்யப்பட்டது. வியாதி வேறாயினும், காரணம் கூறாத ஒற்றை வரி அபிப்பிராயம் செல்லாது என்னும் நியாயம் முதுகிற்கும் பொருந்தும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி பொருந்துவதில்லை. 2008-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விதிகள் வந்தன. அவற்றில் மேற்சொன்ன அனுமானத்தின் வலிமை குறைந்தது. சேவைக்கும் வியாதிக்கும் உள்ள சம்பந்தம் காட்டப்படல் வேண்டும் என்பது அவற்றின் போக்கு. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதி முதல் மற்றுமொரு தொகுதி விதிகள் அமலுக்கு வந்துள்ளன. ஆதலின் நீங்கள் விலகிய தேதி எது என்பதே முதலிற் பார்க்கத்தக்கது. 2008-ஆம் வருஷத்து விதிகளில், விலகிப் 15 வருஷங்கள் கழிந்து, சேவைக் குறிப்புக்கள் அழிக்கப்பட்ட பின்னர் கேட்பவரே தம் பாத்தியத்தை நிரூபிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இறவாணத்திற் கடிதம் உறங்கும்போது காலம் உறங்குவதில்லை.

இதனாற் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். நூற்றுக்கு நூறு அங்கவீனத்திற்கு, கடைசியாகப் பெற்ற சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 30 என்பது பொதுவான அளவு. அங்கவீனம் குறையக் குறையத் தொகையும் குறையும். யுத்தக் காயமாயின் அளவு இதனினும் அதிகம். 1996-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு சலுகையும் உண்டு. 50-க்குக் குறைந்த அங்கவீனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் கணக்கிடுதலே அது. வியாதியால் இடையில் விலக்கப்பட்டவர்க்கு மட்டுமன்றி, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்க்கும் இச்சலுகை உண்டு என்று ராம் அவதார் என்பவருடைய வழக்கில் 2014-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் வருஷத்து விதிகளின்கீழ் வருவோர் மட்டும் தமக்குரிய பெயரையும் அளவையும் தனியே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 20 என்று மதிக்கப்பட்ட இடுப்பு வியாதி, மேற்படி சலுகையால் 50 ஆகும். ஆகவே மாதந்தோறும் 6,000 ரூபாய். வருஷத்திற்கு 72,000 ரூபாய். அகவிலை நிவாரணம் வேறு. ஓர் ஆள் கூலியை அறிந்த உங்களுக்கு இத்தொகையின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

தாமதத்தால் விளையும் நஷ்டத்தையும் கேளுங்கள். தர்செம் சிங் என்னும் சிப்பாய் 1983-ஆம் வருஷத்தில் விலக்கப்பட்டு, 1999-ஆம் வருஷத்திலேயே கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மறுப்பு மாதந்தோறும் தொடரும் தீங்காதலின் காலங்கடந்து வந்தாலும் கேட்கலாம் என்றும், ஆனால் பாக்கித் தொகை மனுச் செய்த தேதிக்கு முந்திய 3 வருஷங்களுக்கு மட்டுமே என்றும் 2008-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்தனர். நமது உதாரணத்துச் சிப்பாய் 10 வருஷங்கள் வாளாவிருந்துவிட்டு வழக்குத் தொடுப்பாராயின், 7 வருஷத்துத் தொகையாகிய 5,04,000 ரூபாயை இழந்துவிடுவார். அத்தொகையிற் பெண்ணின் கலியாணம் நடந்திருக்கும். அடகிலுள்ள நிலம் மீண்டிருக்கும்.

இனி அப்பீல் செய்யும் முறை. முதற்படி, உங்கள் வைத்திய போர்டு நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கைப்பற்றுதல். மறுப்புக் கடிதம் தோல் போன்றது. போர்டின் குறிப்பே எலும்பு. அதில் எந்தப் பத்தியில் என்ன காரணம் எழுதப்பட்டுள்ளது என்று தெரியாமல் எழுதும் அப்பீல் இருட்டில் எறியும் கல்லாகும். நகல் இல்லையேல் உங்கள் படைப் பிரிவின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கும், மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்தவர் பெங்களூருக்கும் எழுத வேண்டும். விடை வராவிடில் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தருதல் அவர்கள் கடமை.

இரண்டாம் படி, ருசுக்களைத் திரட்டுதல். சேர்ந்தபோது எழுதிய வைத்தியக் குறிப்பு. முதன் முதல் முதுகு வலிக்காகச் சென்ற நாளின் சீட்டு. ஆஸ்பத்திரியிற் படுத்த தேதிகள். வைத்திய வகுப்பு இறக்கப்பட்ட உத்தரவுகள். வீழ்ந்தோ பளு தூக்கியோ காயம்பட்டிருந்தால் அப்போது எழுதிய காய அறிக்கை. எந்தெந்த ஊரில் எத்தனை மாதம் சேவை செய்தீர்கள் என்னும் விவரம். முதுகெலும்பின் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள், இவை யாவும் தேதி வரிசையில் அடுக்கப்படல் வேண்டும். உடன் சேவை செய்த இருவர், தாம் கண்ணாற் கண்டதை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டால் அதுவும் துணையாகும். இக்காலத்தில் உங்களைப் பரிசோதிக்கும் எலும்பு வைத்திய நிபுணரிடம், 'முதுகு வலி' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்தத் தட்டு, எந்த நரம்பு, எவ்வளவு குனிய முடிகிறது, காலில் மரப்போ வலிமைக் குறைவோ உண்டா, சேவையின் தன்மை இதனை முற்றச் செய்திருக்குமா, அதற்குரிய காரணம் யாது என்பவற்றை விளங்க எழுதித் தரும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, அப்பீலை எழுதுதல். மறுப்புக் கிடைத்த 6 மாதங்களுக்குள் முதல் அப்பீலை ரிக்கார்டு ஆபீசின் மூலமாக அனுப்புவது வழக்கம். கடிதத்திலேயே கெடு குறிக்கப்பட்டிருப்பின் அதன்படி நடந்துகொள்ளுங்கள். அப்பீல் கெஞ்சலாக இருத்தலாகாது, வசையாகவும் இருத்தலாகாது. போர்டு கூறிய ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, அதற்கெதிரே உங்கள் தஸ்தாவேஜை நிறுத்துங்கள். 'சமாதான ஸ்தலத்தில் வியாதி தோன்றியது' என்று எழுதியிருந்தால், அங்கே நீங்கள் செய்த வேலையையும், அதற்கு முன் எந்த மலையிலிருந்து மாற்றப்பட்டு வந்தீர்கள் என்பதையும் காட்டுங்கள். 'இயற்கைத் தேய்வு' என்று எழுதியிருந்தால், தோன்றியபோது உங்கள் வயதையும், அதன் பின்னர் வருஷந்தோறும் முற்றிய விதத்தையும் காட்டுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் அப்பீல் தள்ளப்பட்டால் இரண்டாம் அப்பீலுக்கு மேற்கமிட்டி உண்டு.

நான்காம் படி, 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட படைத்துறைத் தீர்ப்பாயம். 2009-ஆம் வருஷத்தில் வேலை தொடங்கிய அதற்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. கமிட்டியின் முடிவு வந்த 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அப்பீல் கொடுத்து 6 மாதமாகியும் பதிலே வராவிடில், அதற்கடுத்த 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் மன்னிப்பர். வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம், தாமே நின்று பேசவும் சட்டம் இடங்கொடுக்கிறது. வழியறியாதோர் ஜில்லாவிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற் கேட்க வேண்டும். படைவீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி அளிப்பதற்கென்றே தேசிய சட்ட உதவி ஆணையத்தார் 2025-ஆம் வருஷத்தில் ஒரு திட்டம் தொடங்கியுள்ளனர்.

மெய்யை மறைத்துப் பேசுதல் நண்பனுக்கு அழகன்று. எல்லா அப்பீலும் ஜயிப்பதில்லை. வருஷ லீவில் சொந்த வேலையாய்ச் சென்றபோது நேர்ந்த விபத்திற்குச் சேவையோடு சம்பந்தமில்லையாயின் பென்ஷன் இல்லை என்று 2011-ஆம் வருஷத்தில் ஜுஜார் சிங் என்பவர் வழக்கிற் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்துள்ளனர். ஆகவே லீவில் வண்டியிலிருந்து விழுந்ததைப் பயிற்சியில் விழுந்ததாக எழுதாதீர்கள். ஒரு பொய் பத்து உண்மைகளையும் கெடுத்துவிடும். அடுத்து வரும் மெய்யான மனுதாரனையும் அது சந்தேகத்திற்கு உள்ளாக்கும். 'எனக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. வரும் பாக்கியிற் பாதி கொடு' என்று சொல்லிக்கொண்டு திரியும் தரகர்களிடமும் ஜாக்கிரதையாயிருங்கள். அசல் தஸ்தாவேஜை எவரிடமும் கொடாதீர்கள், நகலே போதும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவன் இரவில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறான், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, செருப்பை மாட்டவும் யார் கை கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வலியை வெளிச்சொல்லுதல் ஆண்மைக்குக் குறைவு என்று எண்ணிப் போர்டின் முன்னிலையில், 'இப்போது பரவாயில்லை ஐயா' என்று சொல்லிவிட்டு வருபவர் பலர். உங்கள் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவரைக்கொண்டு நாள்தோறும் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். வைத்தியரிடம் அதனைக் காட்டுங்கள்.

இடுப்பிற்குக் கீழே அறவே செயலற்றுப் போனவர் இருப்பின், அவரை மூலையிற் கிடத்திவிடாதீர்கள். புனே நகரையடுத்த கட்கியில் அத்தகைய வீரர்களுக்காக 1974-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. எப்போதும் ஒருவர் உதவி வேண்டும் நிலையிலுள்ள பூரண அங்கவீனருக்கு, பென்ஷனோடு உதவியாள் படியும் விதிகளில் உண்டு.

ஊராருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடிதங்களை வாசித்துக் காட்டலாம். கணிப்பொறி அறிந்த வாலிபர் நகல் எடுத்து, கெடுத் தேதிகளை ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். முன்னர் அப்பீலில் ஜயித்தவர் தம் தஸ்தாவேஜுகளை அடுக்கிய விதத்தை மற்றவர்க்குக் காட்டலாம். இதற்குக் கட்டிடமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம்.

சகோதரர்களே! பென்ஷன் கேட்டல் யாசகமன்று. நல்ல தேகத்தைக் கொடுத்தீர்கள். பழுதான தேகத்தோடு திரும்பினீர்கள். இடையிலுள்ள வித்தியாசத்தையே கணக்குக் கேட்கிறீர்கள். இன்றிரவு வீடு சென்றதும் இறவாணத்திலுள்ள அக்கடிதத்தை எடுத்துத் தூசி தட்டி, அதன் தேதியைப் பாருங்கள். நாளைக் காலையில் நகல் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத இயலாதவர் இன்றே என்னிடம் வாருங்கள். கூட்டம் கலைந்த பின்னரும் நான் இத்திண்ணையிலேயே இருப்பேன்.